சர்க்கரை இழையும் டின் அன்னாசியும்

வடசீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் யாண்டாய் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. 1871-இல் ஜான் லிவிங்ஸ்டன் நீவியஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் அங்கே பழத்தோட்டம் போட்டார். மதம் பரப்ப வந்தவருக்கு மரம் வளர்ப்பதிலும் பிடிப்பு இருந்தது. தன் நாட்டிலிருந்து அவர் தருவித்த ஆப்பிள் கன்றுகள் அந்த ஊர் மண்ணிலும் குளிரிலும் நன்றாக வேர்பிடித்தன. ஒட்டுக் குச்சிகளை அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கும் கொடுத்தார். இன்று சீனாவில் ஆப்பிள் என்றதும் முதலில் சொல்லப்படும் ஊர்ப் பெயர்களில் யாண்டாயும் ஒன்று.

ஆப்பிள் துண்டை மாவில் தோய்த்துப் பொரித்து, கொதிக்கும் சர்க்கரைப் பாகில் புரட்டித் தருகிற பலகாரத்தின் வரலாற்றில் அந்த 1871 முக்கியமானது. சீன ஓட்டல்களின் மெனுக்களில் அதைத் தொன்மையான சீன இனிப்பு என்று அச்சிடுவார்கள். பாகு காய்ச்சும் கலை பழையதுதான். பழம் அப்படியல்ல. நீவியஸுக்கு முன்பும் சீனாவில் ஆப்பிள் உண்டு. ஆனால் அது மாவு மாவாக, சீக்கிரம் குழைந்துபோகிற சிறிய ரகம். கொதிக்கும் எண்ணெயில் உருக்குலையாமல் நின்று, கடித்தால் புளிப்பும் சாறுமாக இருக்கிற ஆப்பிள் வடசீனாவுக்குக் கப்பலில் வந்த சரக்கு.

ஆப்பிளுக்கு முன்னால் ஷாண்டோங் சமையற்காரர்கள் இதே முறையில் கிழங்குகளைச் செய்தார்கள். நம் வள்ளிக்கிழங்கின் உறவான மலைக்கிழங்கு ஒன்று, சர்க்கரைவள்ளி இன்னொன்று. சர்க்கரைவள்ளியும் உள்ளூர்ப் பயிரல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஸ்பானியர்கள் வழியாகப் பிலிப்பைன்ஸ் வந்தது. அங்கிருந்து 1593-இல் சென் ஜென்லோங் என்ற வணிகர் அதன் கொடியை ஃபூஜியனுக்குக் கொண்டுவந்தார். அவருடைய வழித்தோன்றல்கள் 18-ஆம் நூற்றாண்டில் அதை ஷாண்டோங் வரை பரப்பினார்கள். பஞ்சம் போக்க வந்த கிழங்கு விருந்து இலைக்கும் ஏறியது.

சர்க்கரையின் வழி இந்தியாவில் தொடங்குகிறது. தென்சீனாவில் கரும்பு முன்பே விளைந்தது. சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கவும் அவர்களுக்குத் தெரியும். அதை நல்ல சர்க்கரையாக இறுக்கும் நுட்பம் மகதத்தில் இருந்தது. தாங் வம்சப் பேரரசர் தாய்சோங் 647-இல் அதைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார். போனவர்கள் திரும்பியதும் யாங்ஜோ கரும்பைப் பிழிந்து காய்ச்சிப் பார்க்க ஆணையிட்டார். மேற்கு நாடுகளிலிருந்து வருவதைவிட நிறமும் ருசியும் மிக நன்றாக அமைந்தன என்று தாங் வரலாற்று நூல் பெருமையோடு குறித்து வைத்திருக்கிறது.

இத்தனை நாடுகளின் பொருள்கள் சேர்ந்த பிறகும் பாஸி என்ற அந்தப் பலகாரத்தின் உயிர் சமையற்காரரின் கையில்தான் இருக்கிறது. பாஸி என்றால் இழை இழுத்தல். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுக்கும்போது பாகு நூல் நூலாக நீள வேண்டும். நூல் வராவிட்டால் அந்தத் தட்டு தேறாது.

நம் அடுப்படிகளில் கம்பிப் பாகு, உருட்டுப் பாகு, கடலைமிட்டாய்ப் பாகு என்று பதம் பார்ப்பார்கள். பாஸிக்கு வேண்டியது கடலைமிட்டாய்ப் பதத்துக்கும் ஒரு படி மேலே. ஏறத்தாழ 150 முதல் 160 டிகிரி செல்சியஸ். பாகு தேன் நிறத்துக்கு வந்து, கொதிக்குமிழிகள் பெரிதாக இருந்தவை சிறிதாகி அடங்கும் நேரம் அது. இன்னும் சில நொடிகள் விட்டால் கசந்துபோகும். முன்பே இறக்கினால் இழை வராது. பதம் குறைந்த பாகைக் கிளறிக்கொண்டே இருந்தால் பூத்துப்போய் வெள்ளை வெள்ளையாகத் துண்டின்மேல் படியும். சீனர்கள் அந்தக் குறையையும் விடவில்லை; உறைபனி படிந்தது போன்ற தோற்றத்துக்காகவே வேண்டுமென்று அப்படிச் செய்கிற தனிப் பலகார வகை ஒன்று அவர்களிடம் உண்டு.

பாகு காய்ச்சுவதில் இரண்டு வழிகள். கடாயில் சிறிது எண்ணெய் விட்டுச் சர்க்கரையை நேரடியாக உருக்குவது ஒன்று. இது வேகமானது, கைதேர்ந்தவர்களுக்கானது. தண்ணீர் சேர்த்துக் காய்ச்சுவது மற்றது. நேரம் பிடிக்கும், கருகும் ஆபத்து குறைவு. இரண்டையும் கலந்து செய்பவர்களும் இருக்கிறார்கள். எந்த வழியானாலும் பழம் சூடாக இருந்தாக வேண்டும். ஆறிய துண்டைப் பாகில் போட்டால் சர்க்கரை அந்த இடத்திலேயே கட்டியாகிவிடும். அதனால் ஒரு கடாயில் பழம் பொரிந்துகொண்டிருக்கும்போதே பக்கத்துக் கடாயில் பாகு காய்ந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே கணத்தில் முடிவுக்கு வர வேண்டும். பரிமாறும் தட்டில் முன்கூட்டியே எண்ணெய் தடவியிருப்பார்கள், இல்லையென்றால் கழுவும்போது தட்டே உடையலாம். கூடவே ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் வரும். இழை இழுத்த துண்டை அதில் முக்கி எடுத்தால் பாகு கண்ணாடியாக இறுகும், நாக்கும் சுடாது. உள்ளே பழம் கொதிக்கும், வெளியே ஓடு நொறுங்கும்.

இந்தக் கைவேலையைப் பரப்பியவர்கள் ஷாண்டோங்காரர்கள். யாண்டாய்க்கு அருகிலுள்ள ஃபூஷானும் அதன் சுற்றுவட்டாரமும் சமையற்காரர்களை ஏற்றுமதி செய்த ஊர்கள். சிங் வம்ச காலத்துப் பெய்ஜிங்கின் பெரிய ஓட்டல்களில் அடுப்படி பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. பிறகு பஞ்சமும் நிலப் பற்றாக்குறையும் விரட்ட, 1890-களிலிருந்து 1940-கள் வரை வடசீனர்கள் சுமார் இரண்டரைக் கோடிப் பேர் மஞ்சூரியா நோக்கிப் போனார்கள். ஷாண்டோங்காரர்களே அவர்களில் அதிகம். பாஸியும் அவர்களோடு போனது. இன்றும் வடகிழக்குச் சீனாவில் அது கல்யாண விருந்துப் பலகாரம். மஞ்சள் கடலைத் தாண்டினால் கொரியா. 1883-இல் இஞ்சோன் துறைமுகம் திறக்கப்பட்டதும் அங்கே குடியேறிய சீனர்களில் பெரும்பாலோர் ஷாண்டோங் மக்கள். பொரித்த சர்க்கரைவள்ளியைப் பாகில் புரட்டிய ‘மாத்தாங்’ இன்று கொரியக் குழந்தைகளின் மாலைத் தீனி.

லண்டனிலும் மான்செஸ்டரிலும் சீன ஓட்டல்காரர்கள் போட்ட வாழைப்பழப் பொரிப்பு வேறு கிளை. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் வடசீனாவைப் பார்த்ததே இல்லை. அவர்கள் ஹாங்காங்கின் நியூ டெரிட்டரிஸ் பகுதி விவசாயிகள்.

சான் டின் என்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். மான் குலத்தவர் நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஊர். உப்பு ஏறிய கழிமுக வயல்களில் ஒரு வகைச் சிவப்பு நெல் பயிரிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தாய்லாந்து அரிசி மலிவாக வந்து குவிந்தது. மற்ற ஊர்க்காரர்கள் நெல்லை விட்டுக் காய்கறிக்கு மாறினார்கள். சான் டின்னின் உப்பு மண் அதற்கும் உதவவில்லை. எஞ்சியிருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 1975-இல் மானுடவியலாளர் ஜேம்ஸ் வாட்சன் இந்த ஊரைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, உழைக்கும் வயது ஆண்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பாவின் சீன ஓட்டல்களில் இருந்தார்கள். ஊரில் முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும், வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய புது வீடுகளும். ஏர் பிடித்த கைகள் லண்டனில் போய்த்தான் கரண்டி பிடிக்கக் கற்றன. இந்த உண்மை தெரியாமல் அந்த ஓட்டல்களின் மெனுவை எடைபோட முடியாது.

அவர்கள் போய்ச் சேர்ந்த பிரிட்டன் இனிப்புக்கு ஏங்கிக் கிடந்த நாடு. 1940 ஜனவரியில் அங்கே சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் வாழைப்பழ இறக்குமதியை அரசு நிறுத்தியது, கப்பல்கள் போருக்குத் தேவைப்பட்டதால். ஐந்து வருடம் ஒரு பழம்கூட வரவில்லை. 1945 டிசம்பர் 30 அன்று ஜமைக்காவிலிருந்து டிலாபா என்ற கப்பல் ஒரு கோடி வாழைப்பழங்களோடு ஏவன்மவுத் துறையை அடைந்தபோது அது தேசியச் செய்தி. வாழைப்பழத்தைப் பார்த்தே அறியாத பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்தார்கள். எழுத்தாளர் ஈவ்லின் வா வீட்டுக்கும் அந்த நாட்களில் மூன்று பழங்கள் வந்தன, பிள்ளைகளுக்கென்று. மூன்றையும் தந்தையே பாலாடையும் சர்க்கரையும் போட்டு, பிள்ளைகள் பார்த்திருக்கத் தின்று தீர்த்தார். மகன் ஆபரன் வா பல பத்தாண்டுகள் கழித்துத் தன் சுயசரிதையில் இதை எழுதினார், வடு ஆறவில்லை. சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில்தான் நீங்கியது.

சீன ஓட்டல்கள் பிரிட்டனில் பெருகியது சரியாக இதற்குப் பின்வந்த ஆண்டுகளில். லண்டன் குவீன்ஸ்வேயில் 1958-இல் திறந்த லோட்டஸ் ஹவுஸ், வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கும் சீனச் சாப்பாட்டுக்கு முன்னோடி என்று பேர்பெற்றது. வாடிக்கையாளர் வெள்ளைக்காரத் தொழிலாளியும் குமாஸ்தாவும். சூப்பில் தொடங்கி, நடுவில் கறி, கடைசியில் ஒரு இனிப்பு என்று வந்தால்தான் அவர்களுக்குச் சாப்பாடு முடிந்ததாகத் தோன்றும். கன்டோனியர் வீட்டில் சாப்பாட்டின் முடிவில் நறுக்கிய ஆரஞ்சு வரும், அல்லது பயறும் வெல்லமும் போட்ட இனிப்புக் கஞ்சி வரும். அதை வைத்து ஆங்கிலேயரைத் திருப்திப்படுத்த முடியாது.

கையருகே இருந்ததைப் பார்த்தார்கள். இனிப்பும் புளிப்புமான பன்றியிறைச்சிக்குக் கரைத்த மாவு தயாராக இருந்தது. எண்ணெய்க் கடாய் நாள் முழுக்கக் காய்ந்தபடி இருந்தது. 1960-களில் பல சீனக் குடும்பங்கள் பழைய மீன்வறுவல் கடைகளை விலைக்கு வாங்கியபோது பெரிய பொரிப்புத் தொட்டிகளும் கூடவே கைக்கு வந்தன. வாழைப்பழம் மலிந்திருந்தது. ஆபிரம் லைல் கம்பெனி 1880-களிலிருந்து விற்றுவரும் கோல்டன் சிரப் எந்த மளிகைக் கடையிலும் கிடைத்தது. பாகு காய்ச்சத் தெரியாவிட்டால் பொரித்த பழத்தின்மேல் அதை ஊற்றினால் போதும். சாப்பிடுபவருக்கும் இது அந்நியமாகத் தோன்றவில்லை. ஆப்பிளை மாவில் தோய்த்துப் பொரிக்கும் செய்முறை, 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் அரண்மனைச் சமையலறையில் தொகுக்கப்பட்ட ஆங்கில ஏட்டிலேயே இருக்கிறது. சீனர் கையால் வந்தது ஆங்கிலேயரின் சொந்தப் பலகாரம், பழம் மட்டும் வெப்பநாட்டுடையது.

அன்னாசிப் பொரிப்பின் கதையில் இன்னொரு சீனர் கூட்டம் வருகிறது. பிரிட்டன் தின்ற டின் அன்னாசியில் கணிசமான பங்கு மலாயாவுடையது. சிங்கப்பூரில் டான் கா கீ என்பவர் 1904-இல் அன்னாசி டின் தொழிற்சாலை தொடங்கினார். பின்னாளில் ரப்பர் அதிபராகி, 1921-இல் சீனாவில் ஷியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவர். ரப்பர் கன்று பால் தர வருடக்கணக்காகும். அதுவரை வரிசைகளின் இடையே அன்னாசி போட்டு வருமானம் பார்த்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியே ஆயிரமாயிரம் பேர் பால்மரம் வெட்டப் போன அதே மலாயாதான் அது. சிங்கப்பூர்ச் சீனர்கள் தோல் சீவி டின்னில் அடைத்த பழத்தை, ஹாங்காங் சீனர்கள் இங்கிலாந்தில் திறந்து மாவில் தோய்த்தார்கள். முன்பின் அறியாத இந்த இரு கூட்டமும் ஒரே தட்டில் சந்தித்தது.

வீட்டில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியதும் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. மீன்வறுவல் கடை மாவின் முறுகலும் ஷாண்டோங் பாகின் இழையும் சேர்ந்தால் ஓட்டல் ருசி வரும். 100 கிராம் மைதா, 50 கிராம் கார்ன்ஃப்ளார், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு. ஐஸ் தண்ணீர் 150 மில்லி விட்டு, கட்டி முழுதும் கரைய வேண்டும் என்று அடித்துக் கலக்காமல், பஜ்ஜி மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்தால் போதும். அதிகம் கலக்கினால் மைதாவின் பசை இழுத்துக்கொண்டு மேல்தோல் ரப்பராகிவிடும். பழம் முக்கால் பழுத்ததாக இருக்கட்டும்; நம் ஊரில் நேந்திரம் இதற்கு மிகப் பொருத்தம். டின் அன்னாசியானால் வடித்து, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எந்தப் பழமானாலும் முதலில் காய்ந்த கார்ன்ஃப்ளாரில் புரட்டிவிட்டுப் பிறகு மாவில் முக்க வேண்டும். வீடுகளில் மாவு கழன்று எண்ணெயில் தனியாக மிதப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதுதான். 170 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் பொரித்து எடுத்து, பரிமாறும் முன் 190 டிகிரியில் அரை நிமிடம் மறுபடி போட்டால் ஓட்டல் முறுகல் கிடைக்கும்.

பாகுக்கு 200 கிராம் சர்க்கரை, நான்கு மேசைக்கரண்டித் தண்ணீர். சர்க்கரை கரைந்த பிறகு கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் உடனே இறுகி ‘டக்’கென்று உடைய வேண்டும், நிறம் தேனாகத் திரும்ப வேண்டும். அடுப்பை அணைத்துச் சூடான பழத்தைக் கொட்டி, வெள்ளை எள் தூவி, இரண்டு புரட்டு. அவ்வளவுதான். இந்தப் பாகு தோலில் பட்டால் எண்ணெய்ச் சூட்டைவிட மோசமாக ஒட்டிக்கொண்டு பொசுக்கும். குழந்தைகளை அடுப்படிக்கு வெளியே உட்கார வையுங்கள். விருந்தாளிகளும் அதற்குள் மேசைக்கு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தட்டு ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்காது.

நெதர்லாந்தில் இதே பொரித்த வாழைப்பழம் இனிப்பாக வராமல் சோற்றோடு வந்தது. 1911-இல் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தபோது டச்சுக் கப்பல் கம்பெனிகள் சீனர்களைக் கொண்டுவந்து கொதிகலனில் கரி தள்ள வைத்தன. அவர்களில் பலர் ரோட்டர்டாமின் கேட்டன்ட்ரெக்ட் பகுதியில் தங்கினார்கள்; 1920-இல் அங்கே முதல் சீன ஓட்டல் வந்தது. 1930-களின் மந்தத்தில் கப்பல் வேலை போன அந்த மனிதர்கள், சர்க்கரைப் பாகில் வேர்க்கடலை போட்டு வில்லை வில்லையாகச் செய்து, தகரப் பெட்டியில் அடுக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்றுப் பிழைத்தார்கள். இந்தோனேசியா விடுதலை பெற்றபின் சுமார் 3 லட்சம் பேர் அங்கிருந்து நெதர்லாந்து வந்து சேர்ந்தார்கள். அவர்களின் நாக்குக்கு ஏற்ப, சீன ஓட்டல்கள் இந்தோனேசியச் சமையலைக் கற்றன. நாசி கோரெங் என்ற வறுத்த சோற்றுத் தட்டின் ஓரத்தில் பிசாங் கோரெங் என்ற பொரித்த வாழைப்பழம் இடம்பிடித்தது அப்படித்தான்.

இந்தியாவிலும் இந்தச் சரடு உண்டு. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுக் குடியேறிய சீனர் டோங் அச்சூ. அவர் அங்கே நடத்தியது கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும். மகதத்துக்கு ஆள் அனுப்பிச் சர்க்கரைக் கலையைக் கற்ற நாட்டிலிருந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஒருவர் இந்தியாவுக்கே சர்க்கரை காய்ச்ச வந்தார். அச்சிப்பூர் என்ற ஊர்ப் பெயரில் அவர் இருக்கிறார். சீனப் புத்தாண்டில் கொல்கத்தாச் சீனர்கள் அங்குள்ள அவர் சமாதிக்கு இன்றும் போகிறார்கள். பொரித்த பட்டை நூடுல்ஸில் தேனும் எள்ளும் சேர்த்து வனிலா ஐஸ்க்ரீமோடு தரும் ‘தர்சான்’, சீனாவில் தேடினாலும் கிடைக்காத இந்தியச் சீன இனிப்பு. 1962 இந்திய-சீனப் போரையொட்டி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் இந்தியச் சீனர்கள் அடைக்கப்பட்ட அனுபவத்துக்குப் பின் பல குடும்பங்கள் நாட்டைவிட்டுப் போயின. கொல்கத்தாவின் சீனர் பகுதியான டாங்ராவின் ஹக்கா ஓட்டல்காரர்கள் பலர் இன்று டொரன்டோவில்.

இந்தப் பலகாரங்களைப் போலிச் சீனம் என்று ஒதுக்குவது அநியாயம். கிடைத்த பழத்தையும் கிடைத்த மாவையும் வைத்து, சாப்பிட வந்தவரின் பழக்கத்துக்கு இடம்கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களின் சமையல் அது. ஷாண்டோங் விருந்துப் பாஸிக்குச் சமையல் நூல்களில் இடம் இருக்கிறது. சான் டின் விவசாயி மான்செஸ்டரில் பொரித்த வாழைப்பழத்தைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. நெதர்லாந்து இதில் முந்திக்கொண்டது: சீன-இந்தோனேசிய ஓட்டல் பண்பாட்டைத் தன் நாட்டின் வாழும் மரபுகளின் பட்டியலில் 2021-இல் சேர்த்தது. டாங்ராவுக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும். அந்தத் தலைமுறைச் சமையற்காரர்களுக்கு வயதாகிவிட்டது. பழைய சீன ஓட்டல் ஒன்றில் பாகு இழுக்கும் தட்டு உங்கள் மேசைக்கு வந்தால், அடுப்படியில் இருப்பவர் யார், எந்த ஊர், யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.